பெரிய டயரும் பிக்கப் வண்டியின் இழுவையும்

எங்கள் வைட்டிலா கிளையில் வணிக வாகனக் கடன் பெற்ற வாடிக்கையாளர் ஒருவர், இரண்டு மாதத் தவணைகள் நிலுவையான நிலையில் எங்களைச் சந்திக்க வந்தார். போடிநாயக்கனூரிலிருந்து ஏலக்காயும், திரும்பும் வழியில் மட்டாஞ்சேரி கிடங்குகளிலிருந்து மளிகைச் சரக்கும் ஏற்றுபவர். தொழில் குறையவில்லை; வாடகையும் ஒழுங்காகவே வருகிறது. பிறகு எங்கே இடித்தது என்று கேட்டோம். “வண்டி முன்ன மாதிரி இழுக்கல சார். ஒரு வருஷத்துல ரெண்டாவது தடவையா கிளட்ச் பிளேட் மாத்தியிருக்கேன்” என்றார். வாசலில் நின்ற வண்டியைப் போய்ப் பார்த்தோம். நிறுவனம் பொருத்தியிருந்த 215/75 ஆர்15 டயர்களுக்குப் பதிலாக 235/75 ஆர்15 டயர்கள் இருந்தன. அகலமான டயர் கூடுதல் சுமை தாங்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, நான்கையும் மாற்றியிருக்கிறார்.

வணிகவியல் படித்துவிட்டு வங்கிக்கு வந்த எங்களுக்கு இயந்திரவியல் சொந்தத் துறையன்று. ஆயினும் கடன் கொடுத்த வண்டி மலையேறாமல் நின்றால், அதன் காரணம் எங்கள் பேரேட்டிலும் பதிவாகிவிடுகிறது. ஆகவே அந்தக் கணக்கைச் சற்று விரிவாகவே போட்டுப் பார்த்தோம்.

முதலில் டயரின் பக்கவாட்டில் உள்ள எண்கள். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. 15 என்பது உள்ளே இருக்கும் இரும்பு வட்டின் விட்டம், அங்குலத்தில். இவற்றைக் கொண்டு கணக்கிட்டால் பழைய டயரின் முழு விட்டம் 703.5 மில்லிமீட்டர், புதியதன் விட்டம் 733.5 மில்லிமீட்டர். அகலத்தை மட்டும் கூட்டியதாக நம் வாடிக்கையாளர் எண்ணினார்; ஆனால் 75 விழுக்காடு அப்படியே இருந்ததால் உயரமும் சேர்ந்து கூடிவிட்டது. வித்தியாசம் 4.3 விழுக்காடு.

நூற்றுக்கு நான்கு என்பது கடன் வட்டியில் பெரிது, டயரில் சிறிது என்று தோன்றலாம். நீர் நிறைந்த வாளியை உடலோடு ஒட்டிப் பிடித்தால் எளிதாக இருக்கிறது. அதே வாளியைக் கையை நீட்டிப் பிடித்தால் கனக்கிறது. எஞ்சின் தரும் திருப்புவிசை சக்கரத்தின் அச்சுக்கு வந்து சேர்கிறது. அச்சிலிருந்து சாலை எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அந்த அளவுக்குச் சாலையை உந்தும் விசை குறைகிறது. டயர் உயர்ந்தால் அச்சும் சாலையிலிருந்து விலகுகிறது.

கியர்ப்பெட்டி செய்வது இதற்கு நேர்மாறான வேலை. முதல் கியரில் எஞ்சின் பல முறை சுழன்றால்தான் சக்கரம் ஒரு முறை சுழலும். வேகத்தைக் கொடுத்து வலிமையை வாங்கிக்கொள்ளும் பண்டமாற்று அது. மேல் கியருக்குப் போகப் போக வலிமையைக் கொடுத்து வேகத்தை வாங்குகிறோம். கியர்ப்பெட்டிக்கு அப்பால் பின்னச்சில் இன்னொரு பல்சக்கர இணையும் உண்டு. இவற்றோடு டயரின் உயரத்தையும் மூன்றாவது கண்ணியாகச் சேர்த்துத்தான் வண்டியை வடிவமைக்கிறார்கள். டயரை மாற்றுபவர், தாம் அறியாமலே, எல்லா கியர்களையும் ஒரே நேரத்தில் சிறிது மேலே தள்ளிவிடுகிறார்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். சுமையோடு சேர்த்து மூன்று டன் எடையுள்ள ஒரு வண்டி. எஞ்சினின் திருப்புவிசை 200 நியூட்டன் மீட்டர். மூன்றாம் கியரின் விகிதம் 1.5, பின்னச்சின் விகிதம் 4.1 என்று கொள்வோம். பல்சக்கரங்களில் பத்தில் ஒரு பங்கு வீணாவதைக் கழித்துவிட்டால், பழைய டயரில் கிடைக்கும் இழுவை ஏறக்குறைய 321 கிலோ எடைக்குச் சமம். புதிய டயரில் 308 கிலோ. பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்தில் இந்த வண்டிக்கு 250 கிலோ இழுவை ஏறுவதற்கும், சுமார் 45 கிலோ டயர் உருளுவதற்கும், ஆக 295 கிலோ தேவை. அதாவது முன்பு கையிருப்பு 26 கிலோ; இப்போது 13 கிலோ. டயர் நான்கு விழுக்காடு வளர்ந்ததில் உபரி பாதியாகிவிட்டது. வரவில் சிறு சரிவு ஏற்பட்டால் சேமிப்பில் பெருஞ்சரிவு ஏற்படுவதை வங்கியில் நாள்தோறும் பார்க்கிறோம். இதுவும் அதே கணக்குத்தான்.

இந்தக் கையிருப்பின் அருமை வைட்டிலாவுக்குத் தெற்கே குண்டன்னூரில் தொடங்கும் சாலையில் தெரியும். முன்பு 49 என்றும் இப்போது 85 என்றும் எண்ணிட்ட அந்தத் தேசிய நெடுஞ்சாலை மூவாற்றுப்புழை, கோதமங்கலம் வரை பெரிதாகச் சோதிப்பதில்லை. நேரியமங்கலத்தில் பெரியாற்றைக் கடந்ததும் ஏற்றம் தொடங்குகிறது. அடிமாலி வழியாக மூணாறு சேரும்போது கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருப்போம். அதற்கு அப்பால் போடிமெட்டு. அங்கிருந்து 17 கொண்டைஊசி வளைவுகள் இறங்கினால் போடி. உபரி இழுவை இல்லாத வண்டி ஒவ்வொரு வளைவிலும் மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கும், இரண்டிலிருந்து ஒன்றுக்கும் இறங்க வேண்டியிருக்கும். வளைவில் நின்று கிளம்பும்போது கிளட்ச்சைப் பாதி அழுத்தியபடி ஏற்றும் வழக்கமும் கூடிவிடும். பிளேட் தேய்வது அங்கேதான்.

இறக்கத்தில் நிலைமை இன்னும் கவலைக்குரியது. பிரேக் அச்சைப் பிடிக்கும் வலிமை மாறவில்லை. சாலையோ அச்சிலிருந்து தள்ளிப் போய்விட்டது. ஆகவே அதே அழுத்தத்திற்குக் கிடைக்கும் நிறுத்துவிசையும் நான்கு விழுக்காடு குறைகிறது. எஞ்சினைக் கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஆற்றலும் அவ்வாறே. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று மலைப்பாதை ஓட்டுநர்கள் சொல்வதை, பெரிய டயர் போட்டவர்கள் ஒரு கியர் குறைத்தே கடைப்பிடிப்பது நல்லது.

சமவெளியிலும் கணக்கு பிசகுகிறது. வேகமானி 60 காட்டும்போது வண்டி உண்மையில் 62 கிலோமீட்டருக்கு மேல் செல்கிறது. தூரமானி 10,000 காட்டும்போது ஓடியது ஏறக்குறைய 10,430. எரிபொருள் சிக்கனம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும்; பராமரிப்புக்கு விடும் நாளும் தள்ளிப்போகும். கிலோமீட்டர் கணக்கில் வாடகை பேசுபவருக்கு இது நேரடி நட்டம்.

சுமை தாங்கும் என்ற நம்பிக்கையாவது சரியா? அளவெண்களுக்குப் பின் வரும் இன்னோர் எண்ணைப் பார்க்க வேண்டும். அதுவே சுமைக் குறியீடு. 112 என்றிருந்தால் அந்த டயர் 1,120 கிலோ தாங்கும். 105 என்றால் 925 கிலோ மட்டுமே. நம் வாடிக்கையாளரின் பழைய டயர் சரக்கு வண்டிக்கென்றே செய்யப்பட்டது. அதன் குறியீடு 112. புதியது பயணிகள் வண்டிக்கானது; அதன் குறியீடு 105. பின்னச்சில் மட்டும் 390 கிலோ தாங்குதிறனை இழந்துவிட்டு, கூடுதல் பணமும் கொடுத்திருக்கிறார்.

இனி கியர்ப்பெட்டித் தேர்வு. அமெரிக்காவில் பிக்கப் வாங்குபவர் பின்னச்சின் விகிதத்தை 3.55, 3.73, 4.10 என்று கேட்டு வாங்கும் வழக்கம் உண்டு. பெரிய டயர் வேண்டுவோர் பெரிய விகிதத்தைத் தேர்ந்து இழப்பை ஈடுகட்டுவர். நம் ஊர் விற்பனையகங்களில் பெரும்பாலும் அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை. இங்கு சரக்குப் பிக்கப்களில் கையால் மாற்றும் கியரே வழக்கம். இசுசூ வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற இரட்டை இருக்கை வரிசை வண்டிகளில் ஆறு வேகத் தானியங்கிப் பெட்டியும் கிடைக்கிறது. தானியங்கியில் கிளட்ச் பிளேட்டின் இடத்தில் எண்ணெயால் இயங்கும் திருப்புவிசை மாற்றி இருப்பதால், நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது எஞ்சினின் விசை ஏறக்குறைய இரு மடங்கு வரை பெருகிக் கிடைக்கும். வைட்டிலா மேம்பாலம் 2021 ஜனவரியில் திறக்கப்பட்ட பிறகு புறவழிச்சாலை வண்டிகள் மேலே பறந்துவிடுகின்றன. திருப்பூணித்துறையிலிருந்து கடவந்தறை நோக்கிச் செல்வோர் இன்றும் பாலத்தின் அடியில் நின்று நின்றுதான் நகர்கிறார்கள். அத்தகைய ஓட்டத்தில் இடது காலுக்கு ஓய்வு தரும் தானியங்கி சுகமானதே. ஆனால் வாங்கும் விலையும் பழுதுச் செலவும் கூடுதல். நீண்ட ஏற்றத்தில் எண்ணெய் சூடாவதையும் கவனிக்க வேண்டும். மலைக்குச் சரக்கேற்றிப் பிழைப்பவருக்கு, தாழ்ந்த முதல் கியர் கொண்ட கைக்கியர் வண்டியையே நாங்கள் பரிந்துரைப்போம். விற்பனையகத்தில் எஞ்சின் குதிரைத்திறனைக் கேட்பவர்கள், முதல் கியர், பின்னச்சு ஆகியவற்றின் விகிதங்களையும் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

சட்டத்தின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தத்தின்படி, இத்தகைய மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சரக்கு வாகனங்களின் பதிவு விவரங்களில் டயரின் அளவும் இடம்பெறுகிறது என்பதைப் பலர் அறிவதில்லை. விபத்துக்குப் பின் காப்பீட்டு மதிப்பீட்டாளர் வந்து நிற்கும்போது இந்த முரண் வெளிப்பட்டால், இழப்பீடு சிக்கலாகும். கடனோ அப்படியே இருக்கும்.

அந்த வாடிக்கையாளர் பெரிய டயர்களைக் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு, பழைய அளவிலேயே, 112 குறியீடுள்ள டயர்களைப் பொருத்திக்கொண்டார். நிலுவைத் தவணைகளை மூன்று மாதங்களில் பிரித்துக் கட்ட இசைந்தோம். அதன் பின் அவர் கிளைக்கு வந்தது ஒரே ஒரு முறை, காப்பீட்டுப் புதுப்பிப்பு நகலைக் கொடுப்பதற்காக. அன்று வாசல் வரை சென்று டயரின் எண்ணைப் படித்துவிட்டுத்தான் நகலை வாங்கிக்கொண்டோம்.