தேய்ந்த குழாயும் நடுக்கடலும்



கடலோர ஊர்களில் வாழும் நம் சகோதரர்களில் பலருக்கு விசைப்படகே வாழ்வாதாரம். தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். படகுகளைக் கரையேற்றி மராமத்துப் பார்க்கும் நாட்கள் அவை. பலகையைப் பார்க்கிறோம், வலையைப் பார்க்கிறோம், வர்ணமும் பூசுகிறோம். எஞ்சின் அறைக்குள் கிடக்கும் ரப்பர் குழாய்களை மட்டும், "சென்ற வருடம்தானே மாற்றினோம்" என்று விட்டுவிடுகிறோம்.

இதை எழுதுபவன் மெக்கானிக் அல்லன், பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவன். என் மாணவர் ஒருவரின் தந்தை, தம் படகிலிருந்து கழற்றிய குழாய் ஒன்றை எனக்குக் காட்டினார். மேற்புறம் புத்தம் புதிது போல் இருந்தது. திருப்பிக் காட்டினார். இரும்புச் சட்டத்தின் முனை உரசிய இடத்தில் ரப்பர் தேய்ந்து, உள்ளே பின்னிய நூல் வெளியே தெரிந்தது!

காரணம் மிக எளியது. எஞ்சின் அதிர்கிறது, படகின் உடல் அவ்வாறு அதிர்வதில்லை. இரண்டுக்கும் இடையே செல்லும் குழாய், தான் தொடுகின்ற எதனோடும் உரசிக்கொண்டே இருக்கிறது. நிமிடத்திற்கு 1500 சுற்று ஓடும் எஞ்சின், ஒரு மணி நேரத்தில் 90,000 முறை சுழல்கிறது. அத்தனை அதிர்வையும் அந்த ஒரு முனை தாங்க வேண்டும்.

டீசல் குழாய் ஓட்டையானால், சூடான புகைபோக்கிக் குழாயின் மீது எண்ணெய் சிந்தித் தீப்பற்றலாம். குளிர்நீர்க் குழாய் வெடித்தால் எஞ்சின் சூடேறி நின்றுவிடும். கடல்நீரை உள்ளே இழுக்கும் குழாயோ இவற்றினும் ஆபத்தானது. நீர்மட்டத்திற்கு ஓரடி கீழே, ஓர் அங்குல அகலக் குழாய் முழுவதுமாகக் கழன்றுவிட்டால், நிமிடத்திற்குச் சுமார் 40 லிட்டர் நீர் உட்புகும். ஒரு மணி நேரத்தில் அது இரண்டு டன்னைத் தாண்டிவிடும்.

ஆகவே, எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, டார்ச் விளக்குடன் உள்ளே இறங்குங்கள். கண்ணை மட்டும் நம்பாதீர்கள்; ஒவ்வொரு குழாயின் அடிப்புறத்தையும் கையால் தடவிப் பாருங்கள். விரலில் கறுப்புத் தூள் ஒட்டினால் அருகில் எங்கோ உராய்வு இருக்கிறது. வெடிப்பு, உப்பல், கொழகொழப்பு, நூல் தெரிதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் குழாயை மாற்றிவிடுங்கள். அதன் மேல் ஒட்டுப்போட்டுக் கடலுக்குச் செல்வது அறிவுடைமை அன்று.

புதிய குழாயையும் பழைய பாதையிலேயே விட்டால் அதுவும் தேயும். முதலில் அதனை முனைகளிலிருந்து விலக்கிக் கட்டுங்கள். விலக்க இடமில்லையேல், பழைய தடித்த குழாய்த் துண்டொன்றை நீளவாக்கில் பிளந்து, உறைபோல் மாட்டுங்கள். செலவே இல்லாத வைத்தியம் இது! பலகைத் தடுப்பின் துளை வழியே செல்லுமிடத்தில் ரப்பர் வளையம் வையுங்கள். சிலர் சாக்குத் துணியைச் சுற்றுகிறார்கள். அது எண்ணெயை உறிஞ்சிக்கொள்வதுடன் தேய்மானத்தையும் மறைத்துவிடும். கட்டுக்கம்பியால் இறுக்குவதோ அதனினும் மோசம். கம்பியே ரப்பரை அறுத்துவிடும். ரப்பர் உள்வரி வைத்த கிளாம்ப்பே ஏற்றது.

இறுக்கமும் அளவோடு இருக்க வேண்டும். எஞ்சின் அசைவதற்கு இடந்தந்து, குழாயைச் சற்றே வளைவாக விடுங்கள். டீசல் குழாயையும் பேட்டரி வயரையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டாதீர்கள். இரண்டும் உரசித் தேய்ந்தால் எண்ணெயும் தீப்பொறியும் ஓரிடத்தில் சந்திக்கும். நீர்மட்டத்திற்குக் கீழுள்ள இணைப்புகளில், இடமிருந்தால் துருப்பிடிக்காத எஃகுக் கிளிப்புகளை இரண்டிரண்டாகப் போடுங்கள். கடல்நீர் வால்வின் கைப்பிடியைத் திருகிப் பாருங்கள். உப்புப் பிடித்துத் திரும்பாத வால்வு, ஆபத்து வேளையில் உதவாது.

படகு நீரில் இறங்கியபின் எஞ்சினை ஓடவிட்டு, எட்ட நின்று மீண்டும் ஒருமுறை கவனியுங்கள். கைலியின் நுனியும் தோள் துண்டும் பெல்ட்டின் அருகே போகவேண்டாம். ஓடாதபோது விலகியிருந்த குழாய், ஓடும்போது ஆடிப்போய் எதையாவது தொடக்கூடும். கடலுக்குப் புறப்படுகையில் ஒவ்வோர் அளவிலும் ஒரு மாற்றுக் குழாய், சில கிளிப்புகள், ஒரு திருப்புளி ஆகியவற்றைப் பெட்டியில் போட்டு உடன் எடுத்துச் செல்லுங்கள்.