பூந்திக் கரண்டியில் கிரகணம்!

சூரிய கிரகணம் என்றாலே எங்கள் பாகூர் பக்கம் கதவைச் சாத்தி, பிள்ளைகளை உள்ளே அடைத்துவிடுவது வழக்கம். அடைத்தால் மட்டும் சும்மா இருக்குமா வாண்டுகள்? நைஸாக மொட்டை மாடிக்குப் போய் அண்ணாந்து பார்க்கும். விழித்திரைக்கு வலி தெரியாது. பார்வை மங்கிய பிறகுதான் விபரீதம் புரியும். கூலிங்கிளாஸ், எக்ஸ்ரே பிலிம், புகை பிடித்த கண்ணாடி, தாம்பாளத்து மஞ்சள் தண்ணீர் எதுவுமே பாதுகாப்பு இல்லை.

26.12.2019 அன்று காலை 8 மணிக்கு மேல் கிரகணம் பிடித்தபோது, பிள்ளைகளைச் சூரியனுக்கு முதுகு காட்டி நிற்க வைத்தேன். சுவருக்கு எதிரே பூந்திக் கரண்டியை உயர்த்திப் பிடித்தேன். மேகம் விலகியபோதெல்லாம் ஓட்டைக்கு ஒரு பிறைச் சூரியன்! வேப்பமரத்து நிழலுக்குள்ளும் அதே பிறைகள். உள்ளேயே இருந்த என் மாமியாரும் வாசலுக்கு வந்து, "அட, இத்தனை சூரியனா!" என்று எண்ண ஆரம்பித்துவிட்டார்.

21.5.2031 அன்று மதுரைப் பக்கம் வளைய கிரகணம். நமக்குப் பகுதியாகத் தெரியும். தோழியரே, அடைத்து வைப்பதைவிடக் கற்றுக்கொடுப்பதே கண்ணுக்குக் காவல். கரண்டியைப் பத்திரமாக வையுங்கள்!

- ஒரு வாசகி, பாகூர்.