செம்பனைக் காட்டில் சம்பளம் வாங்காத வேலையாட்கள்

தோட்டத்தில் யார் யார் வேலை செய்கிறார்கள் என்று கேட்டால் என்ன சொல்வோம்? குலை வெட்டுகிறவர், உதிரிப்பழம் பொறுக்குகிறவர், மருந்தடிக்கிறவர், உரம் போடுகிறவர், பால் வெட்டுகிறவர், லோரி ஓட்டுகிறவர் என்று விரல் விட்டு எண்ணுவோம். பெரட்டில் பெயர் கூப்பிடும் மண்டோரின் புத்தகத்திலும் அவ்வளவு பேர்தான் இருப்பார்கள். ஆனால் அந்தப் புத்தகத்தில் பெயர் ஏறாத வேலையாட்கள் இலட்சக்கணக்கில் உண்டு. அவர்களுக்குச் சம்பளம் இல்லை, போனஸ் இல்லை, ஞாயிற்றுக்கிழமை ஓய்வும் இல்லை. ஆறு கால், எட்டுக் கால் கொண்ட அந்தக் கூட்டத்தைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

"பூச்சி புழுவைப் பத்திப் பேச ஒரு பக்கமா? நம்ம சம்பளப் பேச்சு என்னாச்சு?" என்று சிலர் கேட்பது நம் காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள் ஐயா. சம்பளத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. நம் உடம்புக்கும் இதற்கும் அதைவிட நெருங்கிய சம்பந்தம் உண்டு.

இன்று எல்லார் கையிலும் ஹேண்ட்போன் இருக்கிறது. கல்யாணம், தீமிதி, பிள்ளையின் பிறந்தநாள் என்று படம் எடுத்துத் தள்ளுகிறோம். அதே போனை வைத்துக்கொண்டு, வேலைக்காட்டுக்குப் போகிற வழியில் ஒரு சிலந்தியையோ வண்டையோ நின்று பார்த்து ஒரு படம் எடுத்தால் என்ன? காசு செலவு இல்லை. கண்ணுக்கு விருந்து. பிள்ளைகளுக்குப் பாடம். நாம் சொல்ல வரும் விஷயம் இவற்றோடு நிற்கவில்லை என்பதைக் கடைசியில் பார்ப்பீர்கள்.

சோம்பு வாசமும் சின்ன வண்டும்

செம்பனை நம் நாட்டு மரம் அல்ல; மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. 1917-இல் கோலசிலாங்கூர் பக்கம் தென்னமரம் தோட்டத்தில்தான் வியாபாரத்துக்கென்று முதலில் நட்டார்கள். மரம் வந்தது; ஆனால் அதன் பூவில் மகரந்தம் சேர்க்கும் பூச்சி கூட வரவில்லை. செம்பனையில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. ஆண்பூவின் தூள் பெண்பூவில் சேர்ந்தால்தான் பழம் பிடிக்கும். அந்த வேலையை யார் செய்தார்கள் தெரியுமா? பல தோட்டங்களில் மனிதர்கள்தான் செய்தார்கள். மகரந்தத்தை முகத்துக்குப் போடும் பவுடர் போன்ற தூளோடு கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண்பூவில் ஊதித் தூவினார்கள். முள்ளுக்குள் கையை விட்டுச் செய்த வேலை அது. வீட்டில் பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

ஆர்.ஏ. சையத் என்ற பூச்சியியல் அறிஞர் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டுக்குப் போய், செம்பனைப் பூவை எந்தப் பூச்சி மொய்க்கிறது என்று பொறுமையாக உட்கார்ந்து பார்த்தார். ஒரு சின்ன வண்டு அகப்பட்டது. எலைடோபியஸ் கேமரூனிகஸ் என்பது அதன் பெயர். நீளம் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான், ஓர் அரிசி மணியில் பாதி. அது வேறு பயிரைத் தின்னாது என்று சோதித்து உறுதி செய்த பிறகு, 1981-இல் ஜொகூர் குளுவாங் வட்டாரத் தோட்டத்தில் விட்டார்கள். கொஞ்ச நாளில் நாடு முழுக்கப் பரவிவிட்டது. தூள் தூவும் வேலை நின்றது. காய்ப்பிடிப்பு கூடிக் குலை கனத்தது. எவ்வளவு கனத்தது என்பதைக் கணக்குப் புத்தகத்தைவிடத் தூக்கிய தோள் நன்றாகச் சொல்லும்.

அந்த வண்டைப் பார்க்க ஆசையா? ஆண்பூ விரிந்த நாளில் கிட்டே போய் மோந்து பாருங்கள். சோம்பு வாசம் அடிக்கும். அந்த வாசத்துக்குத்தான் வண்டு ஓடி வருகிறது. பெண்பூவும் விரியும்போது அதே வாசத்தைக் கொஞ்சம் விடுகிறது. ஆண்பூ என்று நினைத்து வண்டு அங்கேயும் போகிறது. உடம்பில் ஒட்டிய தூள் பெண்பூவில் விழுகிறது. ஏமாந்த வண்டின் உழைப்பில்தான் இத்தனை பெரிய எண்ணெய்த் தொழில் நடக்கிறது!

மருந்து வளர்த்த புழு

இன்னொரு கதையையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். செம்பனை மட்டையில் காய்ந்த இலைத் துண்டுகளால் பை தைத்துக்கொண்டு, அதற்குள் இருந்தபடி ஓலையைச் சுரண்டித் தின்னும் புழுவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மலாயில் 'உலாட் புங்குஸ்' என்பார்கள். நாம் பைப்புழு என்று சொல்லலாம். அதிலே பெண்ணுக்குக் கடைசிவரை இறக்கை முளைப்பதில்லை. பைக்குள்ளேயே வாழ்ந்து, பைக்குள்ளேயே முட்டையிட்டுச் சாகும். இது பெருகினால் மரம் நெருப்புப் பட்டதுபோல் காய்ந்துவிடும். மகசூல் விழும். மகசூல் விழுந்தால் வெட்டுகிறவர் வருமானமும் விழும்.

1950-களின் பிற்பகுதியிலும் 1960-களிலும் தோட்டங்களில் டிடிடி, டில்ட்ரின் போன்ற கடும் பூச்சி மருந்துகளை அடித்தார்கள். புழு குறைய வேண்டும் அல்லவா? பல இடங்களில் கூடியது. ஏன்? மருந்து பட்டு முதலில் செத்தவை பைப்புழுவைக் கொல்லும் சின்னக் குளவிகளும் மற்றப் பூச்சிகளும். புழுவோ பைக்குள் பத்திரமாக இருந்தது. காவல்காரனை அடித்துவிட்டுத் திருடனைத் தேடிய கதைதான். பி.ஜே. வூட் என்ற ஆய்வாளர் இதைக் கண்டறிந்து, மலேசியச் செம்பனைப் பூச்சிகளைப் பற்றி 1968-இல் ஒரு புத்தகமே எழுதினார். மட்டைக்கு எத்தனை புழு என்று எண்ணிப் பார்த்த பிறகே மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும் என்ற முறை அப்படித்தான் வேரூன்றியது.

இன்று பல தோட்டங்களில் ரோட்டோரமாக டூர்னேரா என்ற பூச்செடியை வரிசையாக நட்டிருக்கிறார்கள். அழகுக்கு நட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பைப்புழுவுக்குள் முட்டையிடும் சின்னக் குளவிகளுக்கு அந்தப் பூத்தேன்தான் சாப்பாடு. காலையில் அங்கே ஐந்து நிமிடம் நில்லுங்கள். கறுப்பு உடம்பில் மஞ்சள் பட்டை போட்ட, கழுத்து நீண்ட ஒரு பூச்சி மெதுவாக நடந்து வரும். புழுவைக் கண்டால் ஊசி போன்ற மூக்கால் குத்தி உறிஞ்சிவிடும். அதைப் படம் எடுங்கள். கையில் பிடிக்காதீர்கள், உங்களையும் குத்தும்.

எட்டுக்கால் அழகிகள்

சிலந்திக்கு எட்டுக் கால், பூச்சிக்கு ஆறு. ஆகவே சிலந்தி பூச்சி இனம் அல்ல. பூச்சியைத் தின்னும் இனம். இரண்டு மரத்துக்கு நடுவே பெரிய வலை கட்டி, வெயில் பட்டால் தங்கம் போல் மின்ன வைக்கிறதே, கறுப்பும் மஞ்சளுமான நீண்ட சிலந்தி, அது பெண். அதே வலையின் ஓரத்தில் கடுகு போல் ஒட்டிக் கிடப்பதுதான் வீட்டுக்காரர்! இன்னொன்று, காலை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறி போல் உட்கார்ந்து, வலை நடுவே வெள்ளை நூலால் கோணல்மாணலாகத் தையல் போட்டிருக்கும். முதுகில் கொம்பு முளைத்த சின்னச் சிலந்தியும் உண்டு.

சண்டைச் சிலந்தியை மறக்க முடியுமா? தோட்டப்பள்ளியில் படித்த காலத்தில் இலை மடிப்பைப் பிரித்துப் பிடித்து, தீப்பெட்டிக்குள் இலையோடு போட்டு, இடைவேளையில் மோதவிட்ட கூட்டம் நாம். நீலமும் பச்சையுமாகப் பளபளக்கும் அந்த உடம்பை இன்றைய பிள்ளைகள் போனில் பிடிக்கட்டும். தீப்பெட்டி வேண்டாம்.

பால் வெட்டும் தோழர்களுக்கு ஒன்று சொல்கிறோம். விடியுமுன் தலைவிளக்கோடு போகும்போது, தரையில் பனித்துளி போலச் சின்னச் சின்ன வெளிச்சம் பளிச்சிடும். கிட்டே போய்ப் பாருங்கள். பல சமயம் அது பனித்துளி அல்ல. ஓநாய்ச் சிலந்தியின் கண்.

படம் எடுக்கும் முறை

காலை ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையே நல்ல நேரம். குளிரில் பூச்சி மெதுவாக அசையும்; வெளிச்சமும் மென்மையாக இருக்கும். வேலை நேரத்தில் வேண்டாம். ஓய்வு நாளில் பிள்ளைகளோடு போங்கள். உங்கள் நிழல் பூச்சி மேல் விழக்கூடாது; நிழல் பட்டால் பறந்துவிடும். நின்றபடி எடுக்காமல், பூச்சியின் உயரத்துக்குக் குனிந்து எடுங்கள். முழங்கையை மரத்தில் ஊன்றினால் படம் ஆடாது. போனில் இழுத்துப் பெரிதாக்கினால் படம் மங்கும். அதற்குப் பதில் மெதுவாகக் கிட்டே போங்கள். திரையில் பூச்சியின் கண் தெரியும் இடத்தை விரலால் ஒருமுறை தொடுங்கள். மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று எடுங்கள். அசையாத பூச்சியானால் பக்கத்தில் ஒரு 10 சென் காசை வைத்து எடுத்தால் அளவு தெரியும். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, இடம், எந்தச் செடி என்று எழுதி வையுங்கள். இந்த நோட்டுப் புத்தகம் முக்கியம்.

சில இடங்களில் ஆசை கூடாது. பச்சை உடம்பில் கோடு போட்டு, முள் முள்ளாக அழகாக இருக்கும் புழு தோலில் பட்டால் தீயாய் எரியும். பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள், செலோடேப்பை ஒட்டி முடியை எடுத்துவிட்டு, சவுக்காரம் போட்டுக் கழுவுங்கள். குளவிக் கூட்டுக்குப் பக்கத்தில் போகவே வேண்டாம்; கூட்டமாகக் கொட்டினால் உயிருக்கு ஆபத்து. பாம்பு எலியைத் தின்னும் நம் கூட்டாளிதான். ஆனாலும் தூர நின்று பாருங்கள். யாரையாவது கடித்துவிட்டால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். தூரத்திலிருந்து எடுத்த படம் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், உதவும்.

இன்னொன்று. அழுங்கு போன்ற பிராணியைக் கண்டால் இடத்தின் பெயரைப் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். வேட்டைக்காரன் முதலில் வந்து நிற்பான். அழுங்கைப் பிடிப்பதும் விற்பதும் 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

படம் சாட்சி சொல்லும்

இப்போது விஷயத்துக்கு வருவோம். சங்க வேலையாகத் தோட்டம் தோட்டமாகப் போகிறவர்கள் நாம். ஒரு தோட்டத்தில் மருந்தடிக்கும் அக்கா ஒருவர் தம் போனை நம்மிடம் நீட்டினார். "இத பாருங்க தம்பி, போன மாசம் இதே ஓரத்துல எத்தன வண்ணத்துப்பூச்சி, எத்தன சிலந்தி. இந்த மாசம் பாருங்க. செடியும் இல்ல, ஒன்னுமில்ல. அடிச்சது நாந்தான். அந்த வாளிய நாந்தான் தூக்குனேன், அதே காத்தைத்தான் நானும் இழுத்தேன்." நாம் பக்கம் பக்கமாக எழுதிய புகார்க் கடிதங்களில் இல்லாத பலம் அந்த இரண்டு படங்களில் இருந்தது.

பாராகுவாட் என்ற களைக்கொல்லியை மறந்திருக்க மாட்டோம். 2002-இல் தடை என்று அறிவித்தார்கள், 2006-இல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி முதல் தேதியில்தான் முழுத் தடை வந்தது. அத்தனை ஆண்டுகள் அந்தத் தோம்பைச் சுமந்தவர்களில் நம் தாய்மார்கள் எத்தனை பேர்! இன்று வேறு மருந்துகள் வந்துவிட்டன. மருந்தின் பெயர் மாறினாலும் நம் நியாயம் மாறவில்லை: தேவைக்கு மேல் அடிக்காதே, அடிக்கிறவருக்குப் பாதுகாப்புக் கொடு.

பழம் விழும் மரவட்டமும் நடக்கிற பாதையும் சுத்தமாக இருந்தால் குலை வெட்டப் போதும். நடுவிலுள்ள மென்மையான செடியையும் ரோட்டோரப் பூச்செடியையும் மொட்டையடிக்கத் தேவையில்லை. அங்கேதான் நம் சம்பளமில்லாக் கூட்டாளிகள் சாப்பிடுகிறார்கள். அவர்கள் இருந்தால் புழு அடங்கும்; புழு அடங்கினால் மருந்து குறையும்; மருந்து குறைந்தால் நம் நெஞ்சுக்கும் தோலுக்கும் நல்லது. பூச்சிக்கு வேண்டியதும் நமக்கு வேண்டியதும் இங்கே ஒன்றாகிவிடுகிறது.

1994-ஆம் ஆண்டு தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதிக்கும் நாற்காலி உண்டு. அந்த நாற்காலியில் உட்காருகிறவர் வெறும் வாயோடு போகக்கூடாது. தேதி போட்ட படமும், எழுதி வைத்த நோட்டுப் புத்தகமும் கையில் இருக்கட்டும். "இந்த நிரையில் புழு இல்லை, அதைத் தின்னும் பூச்சி இருக்கிறது, இங்கே மருந்து எதற்கு?" என்று கேட்கட்டும். கணக்குக் கேட்கிறவருக்குக் கணக்கோடு பதில் சொன்னால்தான் எடுபடும்.

துரை வாரத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கும் காட்டை நாம் தினமும் பார்க்கிறோம். எந்த மரத்தில் என்ன பூச்சி, எந்த மாதம் எது வரும் என்று நம்மைவிடத் தெரிந்தவர் யார்? தெரிந்ததைச் சொல்ல நமக்கு இவ்வளவு காலம் சாட்சிதான் இல்லை. இப்போது அது சட்டைப் பையில் இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒரு நிரை நடந்து வாருங்கள். ஐந்து படம் போதும். நோட்டுப் புத்தகத்தில் முதல் பக்கத்தைப் பிள்ளையே எழுதட்டும்.