களத்துமேட்டில் கிடைத்த சுதந்திரம்

‘அவர் தன்னிச்சையாக முடிவெடுத்தார்’ என்றால் அது பாராட்டா, குற்றச்சாட்டா? இச்சை என்றால் விருப்பம். தன் விருப்பப்படி நடந்தார், அவ்வளவுதான். ஆனாலும் இன்று அது பெரும்பாலும் குறை சொல்லும் சொல்லாகிவிட்டது.

தன்னாட்சி என்ற சொல்லுக்கு அந்தக் குறை இல்லை. ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. தன்னாட்சிக் கல்லூரி தன் பாடத்திட்டத்தைத் தானே வகுக்கும், தேர்வைத் தானே நடத்தும். பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் வரும். 1974-இல் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்ட மாநில சுயாட்சியும் இந்தியாவுக்குள் இருந்துகொண்டு கேட்ட அதிகாரம்தான். தனி நாடு அல்ல.

இத்தகைய சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது சுதந்திரம் என்ற சொல். நாட்டு விடுதலையைக் குறிப்பதற்கு முன்பே அது நம் கிராமங்களில் புழங்கியது. அறுவடை முடிந்ததும் தச்சர், கொல்லர், தலையாரி போன்றோருக்குக் களத்துமேட்டிலேயே நெல் அளந்து கொடுப்பார்கள். பரம்பரை உரிமையாக வந்த அந்தப் பங்கின் பெயர்தான் சுதந்திரம். மரக்காலில் அளந்து, மடியில் வாங்கிக்கொண்டு போன சுதந்திரம்!