டாவின்சி கோட்: மெகிதோ சிறைக்குள் கிடைத்த பதில்

கிறிஸ்தவத்தின் தொடக்கத்தைக் கதையாக்கிய நூல்களில் அதிகம் பேசப்பட்டது 2003இல் வெளியான 'டாவின்சி கோட்' நாவல். மகதலேனா மரியாள் இயேசுவின் மனைவி. நான்காம் நூற்றாண்டு வரை இயேசுவை யாரும் கடவுளாக வணங்கவில்லை. எண்பதுக்கும் மேற்பட்ட சுவிசேஷங்களில் நான்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒழித்தவர் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன். இவைதான் அதன் மையக் கூற்றுகள். கதைதானே என்று விட்டுவிடவும் முடியவில்லை. நூலில் வரும் ஓவியங்கள், ஆவணங்கள் பற்றிய விவரங்கள் துல்லியமானவை என்று கதை தொடங்கும் முன்பே ஓர் அறிவிப்பு இருந்தது. கதையைவிட அந்த அறிவிப்புதான் அதிகம் கெடுதல் செய்தது.

2006இல் திரைப்படம் வந்தபோது எதிர்ப்பு வீதிக்கு வந்தது. தமிழ்நாட்டில் படத்துக்குத் தடை விதிக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தடையால் கேள்வி மறைந்துவிடாது. படத்தையே பார்க்காதவர் மனதிலும் 'ஒருவேளை அப்படியும் இருக்குமோ' என்ற சந்தேகம் விழுந்துவிட்டது. அதற்குச் சான்றுகளோடுதான் பதில் சொல்ல வேண்டும். சான்றுகளுக்குக் குறைவும் இல்லை.

முதலில், நாவல் சொல்லும் நிசேயா சங்கம். நிசேயா இன்று துருக்கியில் இஸ்னிக் என்று அழைக்கப்படும் ஊர். 325இல் ஆயர்கள் அங்கே கூடியது இயேசு கடவுளா, வெறும் மனிதரா என்று வாக்கெடுக்க அல்ல. குமாரன் படைக்கப்பட்டவர் என்ற எதிர்த்தரப்பின் ஆரியுஸ்கூட, உலகம் உண்டாவதற்கு முன்பே கிறிஸ்து இருந்தார் என்று ஏற்றவர்தான். குமாரன் பிதாவோடு ஒரே தன்மை உள்ளவரா, பிதாவால் படைக்கப்பட்டவரா என்பதே அங்கே எழுந்த வழக்கு. கொஞ்சம் வாக்குகளில் முடிவு மாறியிருக்கும் என்கிறது நாவல். வந்திருந்த இருநூறுக்கும் மேற்பட்ட ஆயர்களில் கடைசிவரை கையெழுத்திட மறுத்தவர்கள் இரண்டே பேர். சங்கம் இயற்றிய 20 விதிகளில், எந்த நூல் வேதாகமத்தில் இருக்கலாம் என்பது பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. நான்கு சுவிசேஷங்கள்தான் என்று லியோன் ஆயர் இரேனேயு 180 வாக்கிலேயே வாதிட்டு எழுதிவிட்டார்.

நிசேயா இருந்த அதே பித்தினியா மாகாணத்தை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு நிர்வகித்தவர் பிளினி. 112 வாக்கில் அவர் பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாக எண்ணிப் பாடுகிறார்கள் என்று அதில் தெரிவித்தார். அவர் கிறிஸ்தவர்களைப் பிடித்து விசாரித்துத் தண்டித்த அதிகாரி. அவர்களுக்குச் சாதகமாக எழுத வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

இன்னும் துலக்கமான சான்று 2005இல் கிடைத்தது. இஸ்ரேலில் மெகிதோ சிறை வளாகத்தில் தோண்டியபோது, தொல்லியலாளர்கள் 3ஆம் நூற்றாண்டு என்று கணிக்கும் ஒரு வழிபாட்டுக் கூடத்தின் மொசைக் தரை வெளிப்பட்டது. அதில் இரண்டு மீன்கள், கிரேக்க எழுத்துகள். அக்கெப்தூஸ் என்ற பெண், கடவுளாகிய இயேசு கிறிஸ்துவுக்கு ஒரு மேசையை நினைவுக் காணிக்கையாகக் கொடுத்தார் என்பது அந்த எழுத்துகளில் ஒரு செய்தி. கடவுள், இயேசு, கிறிஸ்து ஆகிய மூன்று சொற்களையும் சுருக்கி எழுதி, மேலே ஒரு கோடு இழுத்திருக்கிறார்கள். திருப்பெயருக்கு அக்காலத்துக் கிறிஸ்தவர்கள் காட்டிய மரியாதை அது.

மகதலேனா மரியாள் விஷயத்தில் நாவல் நம்பியிருப்பது பிலிப்பு சுவிசேஷம் என்ற நூலை. 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கிடைத்த சுவடிகளில் ஒன்று அது. அதில் வரும் 'துணை' என்ற சொல்லுக்கு அரமேய மொழியில் மனைவி என்று பொருள் என்கிறது நாவல். சுவடியோ கோப்திய மொழியில் இருக்கிறது. அந்தச் சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. கூட்டாளி, தோழமை என்பதே அதன் பொதுப்பொருள். இயேசு மரியாளை முத்தமிட்டதாக வரும் வரியில், எங்கே முத்தமிட்டார் என்ற சொல் இருக்க வேண்டிய இடம் சிதைந்துபோய்விட்டது. திருச்சபையும் தன் பங்குக்குத் தவறியிருக்கிறது. 591இல் ரோமில் நிகழ்த்தப்பட்ட ஒரு மறையுரை, மரியாளைப் பெயர் சொல்லப்படாத பாவியான பெண்ணோடு ஒன்றாக்கியது. கத்தோலிக்க நாள்காட்டி அதைத் திருத்தியது 1969இல்தான். உயிர்த்த இயேசுவை முதலில் கண்டு சொன்னவருக்கு அத்தனை நூற்றாண்டுகள் அவப்பெயர்.

தொடக்கத் திருச்சபையில் பல போக்குகள் இருந்தன, வென்ற தரப்பு எழுதியதே வரலாறாயிற்று என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் பிளினி அந்தத் தரப்பைச் சேர்ந்தவர் அல்லர்.

உண்மையான கவலை நாவல் அல்ல. திருவிருந்து ஆராதனையில் எழுந்து நின்று நிசேயா விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லும் சபையில், நிசேயா எங்கே இருக்கிறது என்று கேட்டால் எத்தனை பேர் பதில் சொல்வார்கள்? ஞாயிறு பள்ளிப் பாடம் அப்போஸ்தலர் நடபடிகளோடு நின்று, அடுத்து 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்குவிடம் தாவிவிடுகிறது. இடையில் பதினாறு நூற்றாண்டுகள் காலியாகக் கிடக்கின்றன. அந்தக் காலியிடத்தில்தான் நாவல் வந்து உட்கார்ந்துகொண்டது. இன்னொரு நாவலும் வரும், இன்னொரு படமும் வரும். திடப்படுத்தல் வகுப்பு நடத்தும் ஆயர்கள், பிளினியின் கடிதத்துக்கும் மெகிதோ தரைக்கும் நிசேயாவுக்கும் தலா ஒரு வாரம் ஒதுக்க வேண்டும்.