காற்று தூக்காத பசுமைக்குடில்

பெங்களூர் லால்பாக் தோட்டத்துக்குப் போனவர்கள் அங்கே ஒரு பெரிய கண்ணாடி மாளிகையைப் பார்த்திருப்பார்கள். குடியரசு தினத்தை ஒட்டியும் சுதந்திர தினத்தை ஒட்டியும் அதில் மலர்க் கண்காட்சி நடக்கும். 1889-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி அதற்கு அடிக்கல் நாட்டினார்கள். இரும்புச் சட்டம், மேலே கண்ணாடி. வெளிச்சம் உள்ளே வரும். மழையும் காற்றும் உள்ளே வராது.

இன்று ஓசூர், ஆனேக்கல், தொட்டபள்ளாப்பூர், சிக்பள்ளாப்பூர் பக்கம் போனால் வழியெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கூடாரங்கள் தெரிகின்றன. அவைதான் பசுமைக்குடில்கள். பாலிஹவுஸ் என்றும் சொல்கிறோம். கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தாள். 1948-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் எம்மர்ட் என்ற பேராசிரியர் இதைச் செய்து பார்த்தார். கண்ணாடி விலை அதிகம். அதனால் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தினார். அது இன்று உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

எது வேண்டும்?

ஆனேக்கல் பக்கம் 10 குண்டா நிலத்தில் கீரை போடும் ஓர் அம்மா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 40 குண்டா ஓர் ஏக்கர். ஆகவே அவருக்கு இருப்பது கால் ஏக்கர். சுமார் 1000 சதுர மீட்டர். அவருடைய அண்ணன் மகன் ஓசூரில் ரோஜாத் தோட்டத்தில் வேலை செய்கிறான்.

"அத்தை, நீங்களும் பாலிஹவுஸ் போடுங்க. பாதிப் பணம் கவர்மென்ட் தரும்" என்கிறான்.

"மீதிப் பாதியை உங்க மாமாவா தருவாரு? கீரைக்கு எதுக்குடா இவ்வளவு பெரிய வீடு?" என்று கேட்கிறார் அத்தை.

அத்தை கேட்பது நல்ல கேள்வி. முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். குடிலில் மூன்று வகை உண்டு.

முதல் வகை தாழ்வான டனல். மூங்கிலையோ கம்பியையோ வில்லாக வளைத்துப் பாத்தியின் மேல் நடுவார்கள். அதன்மேல் தாளைப் போர்த்துவார்கள். உயரம் மூன்று அடி இருக்கும். நாற்றுக்கு இது போதும். பெருமழையில் கொத்தமல்லி அடித்துப் போகாமல் காக்கவும் இது போதும்.

இரண்டாவது, ஆள் நடக்கும் டனல். குழாயை வளைத்து ஏழு அடி உயரத்துக்குப் போடுவது.

மூன்றாவது பெரிய பசுமைக்குடில். மேலே காற்றுப் போக வழி இருக்கும். பக்கத்தில் பூச்சி வலையும், சுருட்டி ஏற்றும் திரையும் இருக்கும். ரோஜா, ஜெர்பரா, குடமிளகாய் போடுகிறவர்கள் இதைத்தான் போடுகிறார்கள்.

இவை தவிர நிழல்வலைக் குடிலும் உண்டு. அது வெயிலைக் குறைக்கும். மழையைத் தடுக்காது.

2014-ஆம் ஆண்டு மத்திய அரசின் தோட்டக்கலைத் திட்டத்தில் இவற்றுக்கு ஒரு விலை போட்டார்கள். தாழ்வான டனலுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 60 ரூபாய். நடக்கும் டனலுக்கு 600 ரூபாய். குழாயில் செய்த நிழல்வலைக் குடிலுக்கு 710 ரூபாய். 10 குண்டா அளவுள்ள பசுமைக்குடிலுக்கு 935 ரூபாய். இதில் பாதியை மானியம் என்றார்கள். அந்த விலை பிறகு மாறிவிட்டது. ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்க்க இது உதவும்.

அத்தையின் நிலத்துக்குத் தாழ்வான டனல் போட்டால் 60 ஆயிரம். பசுமைக்குடில் போட்டால் 9 லட்சத்து 35 ஆயிரம். மானியம் போனாலும் நாலரை லட்சத்துக்கு மேல் கையிலிருந்து போட வேண்டும். மானியமும் பெரும்பாலும் வேலை முடிந்து, அதிகாரி வந்து பார்த்த பிறகுதான் வரும். அதுவரை கடன்தான், வட்டிதான். கட்டுக் கீரை விற்று இதை அடைக்க முடியாது. ரோஜாவும் குடமிளகாயும் விற்கத் தெரிந்தவர்களுக்கே அது கட்டுப்படியாகும்.

இன்னொன்றும் உண்டு. நிலம் குத்தகை நிலமா? அப்படியானால் அடுத்தவர் மண்ணில் கான்கிரீட் போட்டுக் குழாய் நடுவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். எத்தனை வருடம் என்று எழுத்தில் வாங்குங்கள். தோட்டக்கலை அலுவலகத்திலும் பஹணியைக் கேட்பார்கள். தாலுகா அலுவலகத்தில் இன்றைய விலையையும் மானியத்தையும் விசாரியுங்கள். கம்பெனி ஏஜென்ட் சொல்வதை மட்டும் கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம்.

காற்று என்ன செய்யும்?

குடிலின் முதல் எதிரி பூச்சி அல்ல, காற்று. ஏப்ரல், மே மாதங்களில் மாலை நேரம் வானம் கறுக்கும். திடீரென்று சூறைக்காற்று வரும். சில நாள் ஆலங்கட்டியும் விழும். அரை மணி நேரம்தான். அதற்குள் பல லட்ச ரூபாய்க் குடில் கிழிந்து மடங்கிவிடும்.

ஒரு சதுர மீட்டர் பிளாஸ்டிக் தாள் 200 கிராம்கூட இருக்காது. காற்று மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அந்த ஒரு சதுர மீட்டரில் சுமார் 6 கிலோ பாரம் அழுத்தும். வேகம் இரண்டு மடங்கானால் பாரம் இரண்டு மடங்காகாது. நான்கு மடங்காகும். 72 கிலோமீட்டர் வேகத்தில் 24 கிலோ. குடில் முழுவதும் எத்தனை சதுர மீட்டர் என்று எண்ணிப் பாருங்கள்.

காற்று தள்ளுவது மட்டும் இல்லை. தூக்கவும் செய்யும். புயலில் தகரக் கூரை மேலே பறப்பதைப் பார்த்திருக்கிறோம். கூரைக்கு மேலே ஓடும் காற்று அதை மேலே இழுக்கிறது. பக்கத்தில் திறப்பு இருந்தால் காற்று உள்ளே புகுந்து கீழிருந்தும் தள்ளுகிறது. குடை திரும்பிக்கொள்வது போல ஆகிவிடும். எனவே குடிலுக்கு இரண்டு பலம் வேண்டும். அது சாயக் கூடாது. மண்ணைவிட்டுப் பிடுங்கிக்கொண்டும் வரக் கூடாது.

எப்படிக் கட்டுவது?

இடத்தைப் பாருங்கள். மேட்டு உச்சியில் போட வேண்டாம். பெங்களூர்ப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று மேற்கிலிருந்து வரும். பனிக்காலத்தில் கிழக்கிலிருந்து வரும். சிறிய டனலை நீளவாட்டில் கிழக்கு மேற்காகப் போட்டால் அதன் குறுகிய முகம்தான் காற்றைப் பார்க்கும். கோடைச் சூறை எந்தப் பக்கமிருந்தும் வரும். அதற்குச் சவுக்கு, சில்வர் ஓக் மரங்களை வரிசையாக வையுங்கள். காற்றின் வேகம் குறையும். ஆனால் குடிலை ஒட்டி வைக்க வேண்டாம். நிழலும் விழும், கிளையும் விழும்.

காலை ஆழமாக நடுங்கள். பெரிய குடிலில் ஒவ்வொரு காலுக்கும் இரண்டு, இரண்டரை அடிக் குழி எடுத்துக் கான்கிரீட் போட வேண்டும். குழாயின் அடியில் குறுக்கே ஒரு கம்பியைச் செருக வேண்டும். அந்தக் கம்பி இருந்தால் குழாய் கான்கிரீட்டைவிட்டு உருவிக்கொண்டு வராது. மூலைகளில் சாய்வுக் குழாய் கொடுக்க வேண்டும். கட்டில் ஆடினால் குறுக்குச் சட்டம் அடிக்கிறோம் அல்லவா? அதே வேலைதான். செலவைக் குறைக்கிறேன் என்று சொல்லும் ஆள் முதலில் இதைத்தான் விடுவார். கான்கிரீட் போடும் நாளில் வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்பது நல்லது.

தாள் 200 மைக்ரான் இருக்கட்டும். அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. வெயிலைத் தாங்கும் மருந்து கலந்த தாளாக இருக்க வேண்டும். சாதாரணப் பந்தல் தாள் சில மாதத்தில் நொறுங்கும். நல்ல தாள் மூன்று வருடம் வரும். காற்று இல்லாத காலை நேரத்தில் போர்த்துங்கள். தொங்காமல், முரசுத் தோல் போல இழுத்துக் கட்ட வேண்டும். தொளதொள என்று இருந்தால் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். அடித்து அடித்தே கிழியும். வெயிலில் சூடேறிய குழாய் படும் இடத்திலும் தாள் சீக்கிரம் கெடும். அங்கே குழாய்க்கு வெள்ளைப் பூச்சுக் கொடுக்கலாம்.

சிறிய டனலுக்கு வேலை சுலபம். இரண்டு பக்கமும் ஓர் அடி ஆழம், ஓர் அடி அகலத்தில் பள்ளம் எடுங்கள். தாளின் ஓரத்தை அதில் விட்டு மண்ணைப் போட்டு மிதியுங்கள். பிறகு வளைவுக்கு வளைவு மேலே கயிறு போட்டுக் கட்டுங்கள். ஓரத்தில் கல்லை மட்டும் வைத்தால் போதாது. ஒரு காற்றுக்கு அத்தனை கல்லும் உருண்டுவிடும்.

போட்ட பிறகு

மூடியே வைக்கக் கூடாது. மார்ச், ஏப்ரல் வெயிலில் மூடிய குடிலின் உள்ளே 40 டிகிரிக்கு மேல் போகும். பயிர் வாடும். ஆளுக்கும் மயக்கம் வரும். காலையில் திரையை ஏற்றுங்கள்.

மண்ணைக் கவனியுங்கள். உள்ளே வருடம் முழுவதும் ஈரமும் சூடும் இருப்பதால் வேர்முடிச்சு நூற்புழு பெருகும். வேரில் சிறு சிறு கட்டி இருந்தால் அதுதான். கண்ணுக்குத் தெரியாத புழு. குடமிளகாயை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டவர்கள் பலர் இதனால் நஷ்டப்பட்டார்கள். வேப்பம் புண்ணாக்கு இடலாம். இடையில் ஒருமுறை சாமந்தி வகையில் செண்டுமல்லி போடலாம். பெங்களூருக்கு அருகே ஹெசரகட்டாவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே இதற்கு ஆலோசனை கேட்கலாம்.

கூரைத் தண்ணீரை வீணாக்காதீர்கள். 10 குண்டா கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் 25 ஆயிரம் லிட்டர் தண்ணீர் வரும். ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடி போயும் தண்ணீர் இல்லாத ஊர்களில் இது பெரிய சொத்து.

வானம் கறுக்கும்போது எல்லாப் பக்கத் திரைகளையும் இறக்கிக் கட்டுங்கள். கதவை மூடுங்கள். இதைக் காற்று வருவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். காற்று தொடங்கிய பிறகு உள்ளே யாரும் நிற்கக் கூடாது. இரும்புக் குழாய், மேலே மின்னல். பறக்கும் தாளைக் கையால் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது. கிழிந்த தாளுக்குப் பதில் புதுத் தாள் வாங்கலாம்.

அத்தை கடைசியில் என்ன செய்வார்? இரண்டு பாத்திக்கு மட்டும் மூங்கில் வளைத்துத் தாள் போர்த்துகிறார். மழைக் காலத்தில் கொத்தமல்லி நல்ல விலைக்குப் போகும். அந்தப் பணம் கையில் வந்த பிறகு அடுத்த பாத்தி.

"ஓரத்தை நல்லா மிதிடா" என்கிறார். மருமகன் மண்ணைத் தள்ளி மிதிக்கிறான்.