மூன்று பிக்கப்பில் எது எங்கே?

திருவனந்தபுரம் போன்ற கடலோர ஊரில் கிட்டாரின் திருகுகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். அதனால் எலெக்ட்ரிக் கிட்டாரைக் கழற்றித் துடைப்பவர்கள் பலர். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் பிரிட்ஜ், நடு, கழுத்து என மூன்று பிக்கப்புகளும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மாற்றிப் பூட்டினால் என்ன ஆகும்?

பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளும்தான். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831இல் ஃபாரடே கண்ட விதி இது. கிட்டாரின் உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் அருகே தந்தி குறைவாகவே அசையும். அதை ஈடுகட்ட, பல செட்டுகளில் பிரிட்ஜ் பிக்கப்புக்குச் சுற்று அதிகம். இடம் மாறினால் பிரிட்ஜ் ஒலி மெலியும், கழுத்துப் பக்க ஒலி கொழகொழக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? மல்டிமீட்டரை வையுங்கள்: இத்தகைய செட்டில் மின்தடை கூடுதலாகக் காட்டுவது பெரும்பாலும் பிரிட்ஜுக்கு உரியது. பிறகு திசைகாட்டியைச் சற்றுத் தள்ளிப் பிடியுங்கள். மற்ற இரண்டுக்கும் மாறாக முள்ளின் எதிர்முனையை இழுப்பது நடுப் பிக்கப். பல செட்டுகளில் அதன் காந்தமும் சுற்றும் இரண்டுமே தலைகீழ். அதனால் பக்கத்துப் பிக்கப்போடு சேர்ந்து ஒலிக்கும்போது இசை கூடும், 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சல் ரத்தாகும்.

ஒரு பிக்கப்பின் இணைப்பு ஒயர்கள் இரண்டும் மாறிவிட்டால், இரண்டு பிக்கப் சேரும் இடத்தில் ஒலி மூக்கடைத்ததுபோல் கேட்கும். அந்த ஒயர்களை மாற்றிப் பற்றவைத்தால் சரியாகும். ஸ்க்ரூடிரைவர் மட்டும் சுருளில் படக்கூடாது. முடியளவு கம்பி, பட்டால் அறுந்துவிடும்.